பூந்தமல்லியில் ஒரு மதிய ஊசி

சென்னைக்குப் போய்வந்தவர்கள் கடற்கரையைப் பற்றிச் சொல்வார்கள். நான் கடலைப் பார்க்கவில்லை. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே போய்வந்த நாட்களில் நான் அதிகம் பார்த்தது, மேலே எதுவும் தாங்காமல் வரிசையாக நிற்கும் மெட்ரோத் தூண்களை.

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்தது சின்னம்மாவின் கட்டிலருகே இருப்பதற்காக. அம்மாவின் தங்கையான அவர் போர்க்காலத்தில் படகேறி வந்து, அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை பார்த்த ஒருவரை மணந்து, அவர் இறந்த பின்னும் ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகையிலேயே தங்கிவிட்டவர். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். பூந்தமல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அவருடைய ஒரே மகள் ஜெனிட்டா, மண்ணூர்பேட்டையில் ஒரு நர்சிங் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவி. அவளுக்குப் பயிற்சியும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

"மகள் அங்கேயே தாதியாக நிற்கும்போது நான் எதற்கு?" என்று அம்மாவிடம் கேட்டிருந்தேன். எங்கள் ஊரில் நர்ஸைத் தாதி என்போம்.  பதில் முதல் நாள் காலையில் கிடைத்தது.

அன்று ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினோம். மூவர் அமரும் இடத்தில் ஐவர் இருந்தோம். ஓட்டுநருக்கு அது போதவில்லை. "யக்கா, கொஞ்சம் நவுந்து குந்துக்கா, இன்னும் ஒருத்தரு வர்றாரு" என்றார். வந்தவர் ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தார். வெள்ளைச் சீருடையில் கறை படாமலிருக்க ஜெனிட்டா தன் பையை மடியில் கேடயம்போல் பிடித்துக்கொண்டாள். பூந்தமல்லி நெருங்கும்போது ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி, சக்கரம் கோணி நின்றது.

"இன்னாண்ணே, காலைலயே?" என்றார் வெங்காயக்காரர்.

"நான் இன்னா பண்றது நைனா? மேல ரயிலு வுடப் போறாங்களாம். அதுக்குக் கீழ பள்ளம் வுட்டுகினு கீறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள், ஜெனிட்டாவைத் தவிர. வருகைப்பதிவுக்குப் பிந்தினால் அன்றைய பயிற்சி நேரம் கணக்கில் வராது. நேரம் குறைந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது. அவள் இறங்கி, காலணியைச் சேற்றிலிருந்து காத்தபடி ஓடத் தொடங்கினாள். நான் பின்னால் ஓடினேன். வாசலில் மூச்சு வாங்க நின்று அவள் சொன்னாள்:

"அக்கா, உள்ள போனதும் நான் உங்களத் தெரியாத மாதிரி இருப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க. சொந்தக்காரங்க பேஷண்டா இருந்தா ஸ்டூடண்ட் கிட்ட போகக் கூடாது."

அதனால்தான் நான்.

ஆண்களும் பெண்களும் கலந்திருந்த பொது வார்டில் சின்னம்மாவுக்கு எட்டாம் கட்டில். ஜெனிட்டா அந்த வாரம் மேல்மாடியில். சின்னம்மா என்னைப் பார்த்ததும் கேட்டது, "என்ன பிள்ளை, சாப்பிட்டனியே?" என்றுதான். முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்பவர், பக்கத்துக் கட்டில்காரரிடம் "இன்னா, ஜொரம் எறங்கிச்சா?" என்று விசாரித்துவிட்டு, அதே மூச்சில் என் பக்கம் திரும்பி யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுவார். அம்மா கொடுத்தனுப்பிய பனங்கட்டியைக் காட்டினேன். ஓலையில் பொதிந்த கருப்பட்டிக் குட்டான் ஒன்றை மூக்கருகே பிடித்து முகர்ந்துவிட்டு, "இதை எனக்குக் காட்டினால் பாவம் உனக்கு" என்று திருப்பித் தந்தார். அது என் பைக்குள் கட்டிலடியிலேயே கிடந்தது.

அந்த வார்டில் எனக்கு முதலில் விளங்காதது, சுவரோரம் நின்ற மாணவிகள். ஏழெட்டுப் பேர், வரிசையாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். அழைத்தால் வருவார்கள், முடிந்ததும் சுவருக்குத் திரும்பிக் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொள்வார்கள். அப்படி நிற்கத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். கைகள் முன்னால் இருந்தால் எதையாவது தொட்டுவிடும்.

எங்கள் ஊரில் தாதியர் கல்லூரி அரச வைத்தியசாலையோடு சேர்ந்தது. மாலையில் குடை பிடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பும் மாணவிகள் தெருவை அடைத்து நடப்பார்கள். என் சைக்கிளுக்கு வழி விடமாட்டார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். அங்கே குறைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வியை எவரும் கேட்டதில்லை. இங்கே அது ஒவ்வொரு மணிக்கும் எழுந்தது. பள்ளி ஓரிடம், ஆஸ்பத்திரி ஓரிடம். நடுவே ஓர் ஒப்பந்தமும், உடைந்த சாலையும், மஞ்சள் பேருந்து ஒன்றும்.

மருந்து கொடுக்க வந்த கண்ணாடி அணிந்த நர்ஸிடம், இந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

"நானா? எனக்குப் பதினெட்டு பெட்டு. அவங்களுக்கு டியூட்டர் மேம் இருக்காங்க."

டியூட்டர் மேம் இருந்தார். மூன்று மாடிகளிலும் இருந்தார். படியேறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் நான் அவரைக் கண்டிருக்கிறேன்.

மதியத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே தள்ளுவண்டியில் சாப்பிடுவேன். காலையில் அங்கே இட்லியும் வடகறியும் இருக்கும். வடகறி எனக்குப் புதியது. உடைந்த பருப்புவடைகள் குழம்பாகிய கதை அது. எங்கள் தேங்காய்ப்பால் சொதியின் சாந்தம் அதில் இல்லை, ஆனால் இரண்டாம் நாளே நான் மறுபடி கேட்டு வாங்கினேன். "சிலோனா நீங்க? பேசுறது பாட்டு மாதிரி கீது" என்றார் கடைக்காரம்மா. நான் பேசியது "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்பது மட்டும்.

மாலையில் கோவில்பதாகை வீட்டில் ஜெனிட்டா வேறு ஆளாக இருந்தாள். தோசை ஊற்றிக்கொண்டே பேசுவாள். சுவரோரம் நிற்பது பற்றிக் கேட்டேன்.

"அது காலைல மேனேஜ்மெண்ட் ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும்தான்க்கா. அதுக்கப்புறம் வார்டு சிஸ்டர் கூப்பிடுவாங்க. 'பொண்ணுங்களா, பி.பி. பாத்துருங்க, ஆறுக்கும் எட்டுக்கும் இன்சுலின் போட்டுருங்க'ன்னு. ஸ்டாஃப் கம்மி. நாங்க இல்லன்னா அந்த வார்டே ஓடாது."

"போட்டால் நோயாளியின் கோப்பில் நீ எழுதுவாயோ?"

"அதுல நாங்க கை வைக்கக் கூடாது. நாங்க மேம் கிட்ட சொல்வோம். மேம் வார்டு சிஸ்டர் கிட்ட சொல்வாங்க. சிஸ்டர் எழுதிக் கையெழுத்து போடுவாங்க."

"நீயே நேரே சிஸ்டரிடம் சொன்னால்?"

"போன வருஷம் ஒருத்தி சொன்னா. 'ஒங்க மேமுக்கு வாய் இல்லையா'ன்னு கேட்டாங்க. அதோட சரி."

தோசையைத் திருப்பிப் போட்டாள். "எல்லா எடத்துலயும் இப்படித்தான்க்கா."

அடுத்த திங்கட்கிழமை மாணவிகளின் முறை மாறியது. ஜெனிட்டா தன் அம்மாவின் வார்டுக்கே வந்தாள். மூன்று நாட்கள் அவள் எட்டாம் கட்டிலைக் கடந்து ஒன்பதுக்கும் பத்துக்கும் போனாள். சின்னம்மா அவளைப் பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டிருப்பார். "நடையைப் பார், அப்படியே தகப்பன்" என்று என் காதில் சொல்வார்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் டியூட்டர் வந்தார். வார்டு சிஸ்டர் வழக்கம்போல் இன்சுலின் கட்டில்களைச் சொல்லியிருந்தார். எட்டாம் கட்டிலுக்குப் போட வேண்டிய மாணவி அன்று விடுப்பு. டியூட்டர் ஜெனிட்டாவைப் பார்த்தார்.

"உங்கம்மாதானே? நீயே போடு. கை நடுங்காம போடுறியான்னு பாக்குறேன்."

அவள் கைகளை முன்னால் கொண்டுவந்தாள். அளவைச் சொன்னாள், டியூட்டர் பார்த்து ஆமோதித்தார், சின்னம்மாவின் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து ஊசியைச் செலுத்தினாள். சில நொடி எண்ணிவிட்டு எடுத்தாள். அவள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. இதை நான் பிறகு பலரிடம் சொல்ல நேர்ந்தது. ஒருவரும் அதை மறுக்கவில்லை, ஒருவருக்கும் அது தேவைப்படவும் இல்லை.

"போட்டதே தெரியேல்லை" என்றார் சின்னம்மா. பிறகு பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம், இந்த ஊர்த் தமிழில், "எம் பொண்ணு" என்றார். அதுவரை அவர் அதை அந்த வார்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மணி அடித்தது. காலை முறையினர் மதிய முறையினரிடம் வார்டை ஒப்படைக்கும் நேரம். கூட இருப்பவர்கள் வெளியே போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டை சின்னம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, சூடு ஆறுமுன் சாப்பிடச் சொல்லிவிட்டு இறங்கினேன். தள்ளுவண்டியில் தயிர்சாதம் வாங்கினேன். பள்ளியின் மஞ்சள் பேருந்து வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. தூண் வேலைக்காகச் சாலையை ஒருபக்கம் அடைத்திருந்தார்கள். மதியம் தாண்டிப் புறப்பட்டால் மண்ணூர்பேட்டைக்குப் போய்ச்சேர மாலையாகும். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, இப்ப வர்றீங்களா, இல்ல இங்கயே குடித்தனம் வைக்கிறீங்களா?" என்று கத்தினார். மாணவிகள் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். டியூட்டர் கடைசியாகப் படிகளில் ஓடிவந்தார். ஜன்னலோரம் இருந்த ஜெனிட்டா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். முதல் நாளுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலில் அவள் என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொண்டது அன்றுதான்.

நான் திரும்பியபோது சின்னம்மாவின் தலையணை நனைந்திருந்தது. தட்டில் இரண்டு கவளம்தான் குறைந்திருந்தது. நெற்றியைத் துடைத்தேன், குளிர்ந்திருந்தது. அவர் என்னை என் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அக்கா, படகு வந்திட்டுதோ?"

"சின்னம்மா, நான்."

"சத்தம் போடாதை. எல்லாரும் ஏறட்டும்."

நான் நர்ஸைக் கூப்பிட்டேன். மதிய முறைக்கு வந்திருந்த கண்ணாடி அணிந்தவள் ஓடிவந்தாள். அவள் தாமதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரலில் குத்திப் பார்த்தவளின் முகம் மாறியது. "சுகர் இறங்கிடுச்சு. சாப்பிடலையா இவங்க? அரை மணிக்கு முன்னாடிதானே இன்சுலின் போட்டேன்."

"நீங்கள் போட்டீர்களா?"

"ஆமா. ஃபைல்ல மதிய டோஸ் எழுதல. காலியா இருந்துச்சு."

"அது மகள் போட்டவ. நீங்கள் வருவதற்கு முதலே."

"எந்த மகள்?"

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி குறுக்கிட்டார். "அந்தம்மா சொல்லிச்சே, ஊசி போட்டாச்சுன்னு. நீதான் அது காத்தால போட்டதுன்னு சொல்லிகினு போட்ட."

சின்னம்மாவின் கைகால் இழுக்கத் தொடங்கியது. சர்க்கரை என்ற சொல் மட்டும்தான் என் தலைக்குள் இருந்தது. கட்டிலடியில் பையைத் திறந்து, ஓலையைப் பிய்த்து, பனங்கட்டியை எடுத்தேன். நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாய்ல வைக்காதீங்க. அடைச்சுக்கும்." அவள் சொன்னது சரி. ஒரு கிலோ இனிப்பை மடியில் வைத்துக்கொண்டு, நரம்பில் குளுக்கோஸ் ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. அடுத்த இரு நாட்களும் அங்கே. ஜெனிட்டா சீருடை இல்லாமல், சுடிதாரில், என் அருகில் இருந்தாள். இப்போது அவளை யாரும் தடுக்கவில்லை. இப்போது அவள் வெறும் மகள். எங்களைக் கடந்துபோன இரண்டு நர்ஸ்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். வார்டில் அந்த மொழி பழகியிருந்த ஜெனிட்டா எனக்கு மெதுவாக அதைத் தமிழில் சொன்னாள்: "அந்தப் பிள்ளைங்க போட்டா நமக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து சொல்வாங்களா?"

"மேம் கிட்ட சொன்னேன்க்கா" என்றாள் சற்றுக் கழித்து. "எட்டுக்குப் போட்டாச்சுன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

சொல்லியிருந்தாள். டியூட்டரும் சொல்லத்தான் போனார். அவரே அதை எங்களிடம் வந்து சொன்னார், கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு: ஒப்படைப்பு நடந்துகொண்டிருந்தது, வார்டு சிஸ்டர் உள்ளங்கையைக் காட்டி 'அப்புறம்' என்றார், கீழே பேருந்து ஹார்ன் அடித்தது. பேருந்திலிருந்து போன் செய்யலாம் என்று நினைத்தார். அழைத்தபோது வார்டு எண் பிஸியாக இருந்தது. "நான் சொல்லிட்டேன்னே மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்" என்றார். அவர் மேல் கோபப்பட நான் முயன்றேன். முடியவில்லை.

சின்னம்மா பிழைத்தார். மூளைக்குச் சர்க்கரை எட்டாமல் இருந்த நேரத்தில் என்ன போயிற்று என்பதை இனித்தான் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். போனது விரைவில் தெரிந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, நெடுந்தூரம் நடந்துவந்தவைபோல் வந்தன. முப்பது ஆண்டுச் சென்னைத் தமிழ் முழுவதும் போய்விட்டது. வார்டுக்குத் திரும்பியதும் பக்கத்துக் கட்டில்காரர் நலம் விசாரித்தபோது, அந்நிய மொழியைக் கேட்டவராக என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை எங்களை மண்ணூர்பேட்டைக்கு அழைத்தார்கள். பள்ளி ஒரு மூன்று மாடிக் கட்டடம். பின்புறம் பட்டறைகளின் இரும்புச் சத்தம். கீழ்த்தளத்தில், திறந்த கதவு வழியே, வரிசையாகக் கட்டில்களும் அவற்றில் பயிற்சிக்கான ரப்பர் நோயாளிகளும் தெரிந்தார்கள். ரப்பர் நோயாளிகளின் கைகளில் ஊசிபட்ட துளைகள் நிறைந்திருந்தன.

பள்ளி முதல்வரும், ஆஸ்பத்திரியின் நர்சிங் கண்காணிப்பாளரும் மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தன. டியூட்டர் சுவரோரம் நின்றார்.

"எங்க ஒப்பந்தப்படி ஸ்டூடண்ட்ஸ் பார்க்கத்தான் அனுமதி" என்றார் கண்காணிப்பாளர். "ஊசி போட அனுமதி இல்ல."

"நாங்களும் அதைத்தான் சொல்லி அனுப்புறோம்" என்றார் முதல்வர்.

"அப்போ அந்தப் பொண்ணு தானா செஞ்சதுதான்."

"அம்மாங்கிற பாசத்துல செஞ்சிருக்கா."

"அதைப் பெரிசு பண்ண வேணாம்னு நாங்களும் நெனைக்கிறோம்."

அத்தனை நாட்களில் அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்து நான் கண்டது அப்போதுதான். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் தடங்கலின்றி முடித்தார். எதையும் எவரும் சொல்ல மறக்கவில்லை.

நான் அதிகம் பேசுபவள் இல்லை. ஆனாலும் கேட்டேன்: "பார்க்க மட்டும்தான் என்றால், அதற்கு முந்திய நாள் மதியம் அந்த வார்டில் இன்சுலின் போட்டது யார்? ஊசி போடாமல் இவர்கள் தேர்வுக்குப் போக உங்கள் பாடத்திட்டம் விடுமா?"

முதல்வர் டீயை வைத்தார். "பாடத்திட்டம் வேற, ஒப்பந்தம் வேறம்மா. நீங்க யாரு?"

"பெரியம்மா மகள்."

"சிலோனா? பேச்சுலயே தெரியுது. அங்க டீ நல்லா இருக்கும், இல்ல?" என்றார் கண்காணிப்பாளர். அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

ஜெனிட்டா இனி அந்த ஆஸ்பத்திரிக்குள் போகக் கூடாது என்று முடிவாயிற்று. பள்ளிக்கு வேறு ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம் இல்லை. ஆகவே பயிற்சி நேரம் நிறையாது. ஆகவே தேர்வு இல்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் முதல்வர். மற்ற மாணவிகள் இனிக் கண்டிப்பாகச் சுவரோரம் மட்டுமே நிற்பார்கள். வெளியே வரும்போது டியூட்டர் ஜெனிட்டாவின் தோளைத் தொட வந்து, தொடாமல் நின்றுவிட்டார்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. "கையால தொடாமயே நர்ஸ் ஆகணுமாம்" என்றாள் ஜெனிட்டா. 

சின்னம்மாவைக் கோவில்பதாகைக்குக் கொண்டுவந்தோம். வீட்டிலும் மூன்று வேளையும் இன்சுலின் போட வேண்டும். முதல் வேளைக்கு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். ஜெனிட்டா அதை வாங்கவில்லை.

"நீங்க போடுங்கக்கா. நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். எவ்வளவு இழுக்க வேண்டும், காற்றுக்குமிழியை எப்படிப் போக்க வேண்டும், எங்கே சதையைப் பிடிக்க வேண்டும், எத்தனை நொடி பொறுக்க வேண்டும். இத்தனை தெளிவாக எனக்கு எந்த ஆசிரியரும் எதையும் கற்பித்ததில்லை. நான் போட்டேன். சின்னம்மா முகம் சுளித்தார். ஒவ்வொரு வேளையும் சுளித்தார். ஒவ்வொரு வேளையும் என் தோளுக்கு மேலாக மகளைத் தேடினார்.

நான் புறப்பட வேண்டிய காலை வந்தது. பையைக் கட்டிவிட்டேன். பனங்கட்டியை அவர்கள் வீட்டில் வைக்க மனமில்லாமல் திருப்பி எடுத்துக்கொண்டேன். வாசலில் ஆட்டோ நின்றது. சாப்பாட்டு மேசையில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அதைச் சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும். ஜெனிட்டாவுக்கே இனி அது என்று முந்திய நாள் பேசியிருந்தோம். அவளும் தலையசைத்திருந்தாள்.

நான் ஊசியையும் மருந்தையும் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன். சின்னம்மா சட்டையை ஒரு பக்கம் விலக்கிக்கொண்டு காத்திருந்தார். வார்த்தையைத் தேடி, நெடுநேரம் தேடி, கண்டெடுத்தார்.

"என்ர... மகள்... போடட்டும். அவள் போட்டால்... தெரியாது."

வெளியே ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். ஜெனிட்டா கட்டிலருகே ஓர் அடி வந்தாள். பிறகு பின்வாங்கி, சுவரில் முதுகு படும்வரை போய், நிமிர்ந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நான் பையை இறக்கி வைத்தேன்.